காவல் காத்த பூண்டு

மாமனார் காவ்ரிலின் இடது குதிகாலில் ஒரு புண். புது பூட்ஸ் கடித்து வந்தது. சாதாரண மனிதருக்கு என்றால் நாலைந்து நாளில் காய்ந்து உதிர்ந்திருக்கும். காவ்ரிலுக்குச் சர்க்கரை வியாதி. அதனால் புண் ஆறுகிற வழியாகத் தெரியவில்லை. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் ஈரம் கோத்துக்கொண்டு, இடத்தைக் காலி செய்ய மாட்டேன் என்று சட்டமாக உட்கார்ந்துவிட்டது.

மருமகள் ஸ்மரண்டா யாஷ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவள். கிருமிகளை வளர்ப்பதும், வளர்த்த கிருமிகளை எதை ஊற்றினால் சாகடிக்கலாம் என்று பார்ப்பதும்தான் அவள் பிழைப்பு. அந்தப் புண்ணை அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். சர்க்கரைக்காரர் காலில் வருகிற புண்ணைச் சும்மா விட்டால் அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்னது ஒரே வார்த்தை, ஆஸ்பத்திரி. மாமியார் ஃப்ரசினா சொன்னதும் ஒரே வார்த்தைதான், பூண்டு.

துர்தெஷ்டி கிராமத்தில் ஃப்ரசினாவின் பூண்டு என்றால் லேசுப்பட்டதல்ல. புனித அந்திரேயா திருநாளுக்கு முந்தைய இரவு, ஓநாய்களும் ஆவிகளும் இஷ்டத்துக்கு அலைகிற அந்த இரவில், ஊர்ப் பெண்கள் ஆளுக்கு மூன்று பூண்டை மடியில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். எல்லாவற்றையும் ஒரு மரத்தொட்டியில் கொட்டி, சுற்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றி, ஆட்டமும் பாட்டுமாக விடியும்வரை காவல் காப்பார்கள். ஊர் வாலிபர்கள் அதைத் திருடிக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். திருட்டுப் போய்விட்டால் காவலுக்குப் பொறுப்பேற்ற வீட்டுக்காரியால் அந்த வருஷம் முழுக்க வெளியே தலைகாட்ட முடியாது. தப்பித்துவிட்டால் காலையில் பங்கு பிரித்து, அவரவர் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைப்பார்கள். பசுவுக்கு மடி வீங்கினாலும் அந்தப் பூண்டுதான், பிள்ளைக்குக் கக்குவான் வந்தாலும் அந்தப் பூண்டுதான், பெண்ணுக்கு வரன் தகையவில்லை என்றாலும் தலையணைக்கு அடியில் அதே பூண்டுதான். ஃப்ரசினா அந்த வீட்டுக்கு வாழ வந்த காலத்திலிருந்து ஒரு பல்கூடத் திருட்டுப் போனதில்லை. இதை அவளே சொல்லிக்கொள்வாள், யாரும் கேட்காவிட்டாலும்.

திருநாளுக்காக மகன் லூசியனும் ஸ்மரண்டாவும் ஊருக்கு வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் பேச்சு மறுபடியும் குதிகாலுக்கே வந்து நின்றது. அங்கே போன வருஷத்துப் பூண்டை அரைத்து ஃப்ரசினா துணியில் கட்டிவைத்திருந்தாள்.

"பூண்டைப் பச்சையா அரைச்சு அப்பிட்டே இருந்தா தோல் பொசுங்கிப்போயிடும் அத்தை. சுத்தி இப்படிச் சிவந்து கிடக்கே, அதுல பாதி பூண்டு பண்ணின வேலை" என்றாள் ஸ்மரண்டா.

"எரியுதுன்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம்" என்றாள் ஃப்ரசினா, களியைக் கிண்டுவதை நிறுத்தாமலே.

"மாமா, நீங்களாவது சொல்லுங்களேன். உங்க கால்தானே?"

"என் கால்தான். ஆனா அதுமேல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது மருமகளே" என்றார் காவ்ரில். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "எங்க அண்ணன் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனான். திரும்பி வந்தப்போ நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்க. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

அதற்கு மேல் அவரிடம் பேசிப் பயனில்லை என்று ஸ்மரண்டாவுக்குத் தெரியும். கோபக்கார மனிதரைப் பேசித் திருப்பிவிடலாம், பயந்த மனிதரைத் திருப்புவது கஷ்டம்.

வழியைக் காட்டியது ஃப்ரசினாதான். "நீ அங்க பூண்டை வெச்சுத்தானே என்னமோ ஆராய்ச்சி பண்றே?" என்றாள்.

அது என்னவோ உண்மை. பூண்டின் சாறு எந்தக் கிருமியை எவ்வளவு கொல்லும் என்பதுதான் அந்த ஆண்டு ஸ்மரண்டாவுக்கு ஒப்படைத்திருந்த வேலை. கல்யாணமான புதிதில் இதை வாய்தவறி இந்த மேசையில் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து தன்னுடைய பூண்டைப் பாராட்டுவதற்காகத்தான் யாஷில் ஒரு பல்கலைக்கழகத்தையே கட்டிவைத்திருக்கிறார்கள் என்று ஃப்ரசினா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நாளைக்குக் காலையில காவல் காத்த பூண்டுல ஒண்ணு தர்றேன். கொண்டுபோய் உன் தட்டுல வெச்சுப் பாரு. கிருமி செத்துச்சுன்னா நீ வாயை மூடிக்கணும், நான் என் வைத்தியத்தைப் பார்ப்பேன். சாகலைன்னா..." ஃப்ரசினா கரண்டியை உயர்த்தினாள். "மறுபேச்சு இல்லாம இந்த மனுஷனை நானே இழுத்துட்டுப் போறேன்."

"என்னை வெச்சு ரெண்டு பேரும் பந்தயம் கட்டறீங்களா?" என்றார் காவ்ரில்.

"உங்களை வெச்சு இல்ல. உங்க குதிகாலை வெச்சு" என்றான் லூசியன்.

ஸ்மரண்டா ஒப்புக்கொண்டாள். அவளுக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. பூண்டு நன்றாகவே கிருமியைக் கொல்லும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தோற்கப்போகிற பந்தயம். ஆனால் தட்டை மாமியாரிடம் கொண்டுவந்து காட்டி, இது வேறு, கால் வேறு என்று உட்காரவைத்துப் பேச ஒரு வாய்ப்பாவது கிடைக்குமே என்று நினைத்தாள்.

அன்று இரவு ஆட்டத்தை அவள் பார்க்கவில்லை. சளியும் தலைவலியுமாக இருந்ததால் பின்னறையில் சுருண்டு படுத்துவிட்டாள். காலையில் எழுந்தபோது பெண்கள் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷமும் வாலிபர்கள் வெறுங்கையோடுதான் போனார்கள் என்று பேச்சு. ஃப்ரசினா கண் சிவந்து, முகம் மலர்ந்து, தன் பங்கிலிருந்து ஒரு பூண்டை எடுத்துச் சுத்தமான கைக்குட்டையில் முடிந்து மருமகளிடம் கொடுத்தாள்.

ஆய்வகத்தில் வேலை சமையல்கட்டு வேலையிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல. பூண்டை உரித்து, எடை பார்த்து, சுத்தமான உரலில் நசுக்கி, கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டும். இந்தச் சும்மா விடுவதுதான் முக்கியம். முழுப் பல்லுக்குள் தனித்தனி அறையில் இருக்கிற இரண்டு சரக்கு, நசுங்கிய பிறகுதான் ஒன்றோடொன்று கலக்கும். கலந்தால்தான் கண்ணைக் கரிக்கிற அந்தக் காரம் பிறக்கும், கிருமியைக் கொல்வதும் அந்தக் காரம்தான். பிறகு தண்ணீர் விட்டு வடிகட்டி, சாற்றை எடுக்க வேண்டும். கண்ணாடித் தட்டில் கூழ் உறைந்திருக்கும். அதன்மேல் கிருமியைப் பூசி, கூழில் சின்னச் சின்னக் குழி வெட்டி, குழிக்குள் சாற்றை விட்டு, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுப் போனால் மறுநாள் பதில் தயாராக இருக்கும். கிருமி வளர்ந்த இடம் மங்கலாக இருக்கும். செத்த இடத்தில், குழியைச் சுற்றி, தெளிந்த வளையம் விழும். வளையம் பெரிதென்றால் மருந்து பலமானது.

ஸ்மரண்டா ஒரே தட்டில் நாலு குழி வெட்டினாள். ஒன்றில் மாமியாரின் பூண்டு. ஒன்றில், ஒப்பிட்டுப் பார்க்க, ஆய்வகத்துக்கு எதிரே இருக்கும் கடையில் வலைப்பையில் தொங்குகிற சீனப் பூண்டு. ஒன்றில் வெறும் தண்ணீர். ஒன்றில் டாக்டர்கள் கொடுக்கிற மருந்து. கிருமியும் சரியான கிருமிதான், தோல் புண்ணில் சீழ் பிடிக்கவைக்கிற வகை.

மறுநாள் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மருந்தைச் சுற்றி வளையம். சீனப் பூண்டைச் சுற்றி அருமையான வளையம். தண்ணீரைச் சுற்றி ஒன்றுமில்லை, இருக்கவும் கூடாது. மாமியாரின் பூண்டைச் சுற்றியும் ஒன்றுமில்லை. குழியின் விளிம்புவரை வந்து கிருமி செழிப்பாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசைக்காரி ஒர்டான்சா எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பந்தயக் கதை தெரியும்.

"அடிப்பாவி! ஜெயிச்சுட்டியே!"

"என்னமோ தப்பு. குழி மாத்தி ஊத்திட்டேன்னு நினைக்கிறேன்."

"ஜெயிச்சவ யாராவது தப்புத் தேடுவாளா? மாமியார்கிட்ட போய் உங்க பூண்டைவிடச் சீனாக்காரன் பூண்டு உசத்தின்னு சொல்லு. அப்புறம் உன் சாவுக்கு நான் மாலை வாங்கிட்டு வர்றேன்."

ஸ்மரண்டா மறுபடியும் செய்தாள். புதிதாக நசுக்கி, புதிய தட்டில், குழிகளுக்கு அடியில் பேனாவால் எழுதி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து பார்த்தாள். மாற்றமே இல்லை. மூன்றாவது முறை பல்லை வெட்டும்போது கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பல் வழக்கமான வெள்ளையாக இல்லை, லேசாக மஞ்சள் பூத்து, கண்ணாடிபோல் இருந்தது. கத்தி இறங்கியதே தெரியாத அளவுக்கு மெத்தென்று இருந்தது. காரில் குளிரில் கிடந்து உறைந்து போயிருக்குமோ என்று நினைத்தாள். மூக்கில் வைத்துப் பார்க்கலாம் என்றால் சளி இன்னும் விடவில்லை.

மதியம் ஊருக்குப் போன் போட்டாள். மாமனார்தான் எடுத்தார்.

"கால் எப்படி இருக்கு மாமா?"

"ராஜா மாதிரி இருக்கேன் மருமகளே! இந்த வருஷப் பூண்டு இருக்கே, அதுக்குக் கோயிலே கட்டணும். எரிச்சலே இல்லை. பழைய பூண்டை வெச்சா நான் போடுற கூப்பாட்டுல கோழியெல்லாம் வேலி தாண்டி ஓடும். இது வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு. அரைக்கக்கூட வேண்டாமாம், விரலால அமுக்கினாலே மசியுதாம். அந்திரேயா புனிதர் மனசு வெச்சுட்டாருங்கிறா உங்க அத்தை."

"புண்ணு?"

"அது... அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் ஈரம் அதிகம். காலையில மட்டும் லேசாக் காய்ச்சல் அடிச்சது, அது ஒண்ணுமில்லை."

போனை வைத்ததும் ஸ்மரண்டாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காய்ச்சல் என்ற வார்த்தை ஒரு பக்கம். எரியாத, மசிகிற, வெண்ணெய் மாதிரி பூண்டு இன்னொரு பக்கம். எரியாத பச்சைப் பூண்டு என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அவள் கடைப் பூண்டில் ஒன்றை முழுசாகவே எடுத்து, ஆய்வகத்துச் சூட்டுப் பெட்டியில், தோலோடு, மிதமான வெப்பத்தில் வைத்தாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வெளித்தோல் அப்படியே வெள்ளை வெளேர். உள்ளே பல் மஞ்சள் பூத்துக் கண்ணாடியாகி இருந்தது. அதன் சாற்றைத் தட்டில் விட்டாள். மறுநாள் பார்த்தால் அதுவும் மாமியார் பூண்டு மாதிரியே ஒரு வளையமும் போடவில்லை.

குட்டு உடைந்தது. ஃப்ரசினாவின் பூண்டு எங்கேயோ சூடு பட்டு வெந்திருக்கிறது. வெந்துவிட்டால் உள்ளேயிருக்கிற இரண்டு சரக்கில் ஒன்று செத்துப்போகும். அப்புறம் நசுக்கினாலும் சரி, தலைகீழாக நின்றாலும் சரி, காரம் பிறக்காது. எப்படி வெந்தது, யார் வேகவைத்தது என்பது மட்டும்தான் தெரியவில்லை.

அன்றே லூசியனோடு காரில் கிளம்பினாள். வழியெல்லாம் பனி. விஷயத்தைச் சொன்னபோது லூசியன் ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினான்.

"அட, நல்லதாப் போச்சு! வெந்த கதையை எதுக்கு இழுக்கறே? கிருமி சாகலைன்னு சொல்லு, போதும். அது பொய்யா?"

"பொய் இல்லை."

"அப்புறம் என்ன? இன்னிக்கே அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"ஆனா அதுல பூண்டோட தப்பு ஒண்ணும் இல்லையே லூசியன். பச்சையா இருந்திருந்தா கொன்னிருக்கும். எனக்கு அது தெரியும்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்ன நடக்கும் சொல்லு? பச்சைப் பூண்டை எடுத்து மறுபடியும் கட்டுவாங்க. இன்னும் ஒரு வாரம் போகும். அந்தக் காலுக்கு ஒரு வாரம் இருக்கா?"

ஒரு வாரம் இல்லை என்றுதான் ஸ்மரண்டாவுக்கும் பட்டது. ஆய்வகத்தில் யாராவது இப்படிப் பாதி முடிவை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் அவள் காகிதத்தை மூஞ்சியில் எறிந்திருப்பாள். ஆனால் ஆய்வகத்தில் காவ்ரில் மாமா இல்லை. தன்னைப் பெற்ற அப்பாவை அவள் சின்ன வயதிலேயே இழந்தவள். கல்யாணத்தன்று இந்த மனிதர் அவளைக் கையைப் பிடித்து ஆட வைத்தபோது அவள் அழுதுவிட்டாள், அவரும் காரணம் கேட்காமல் சேர்ந்து அழுதார். அந்த மனிதரின் காலைவிட ஒரு தட்டின் நியாயம் பெரிதா? சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். ஊர் எல்லை வரும்போது மனசு லேசாகக்கூட ஆகிவிட்டது.

வீட்டில் காவ்ரில் அப்பம் சுடுகிற, கதவு வைத்த பெரிய அடுப்பின் ஓரத்துக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் காய்ச்சல் களை தெரிந்தது. ஃப்ரசினா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"என்ன சொல்லுது உன் தட்டு?"

"கிருமி சாகலை அத்தை" என்றாள் ஸ்மரண்டா. "மூணு தடவை பண்ணிட்டேன். கொஞ்சம்கூடச் சாகலை."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். தட்டு சரியில்லை, தண்ணீர் சரியில்லை, உன் கை சரியில்லை என்று மாமியார் சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். ஃப்ரசினா சண்டைக்கே வரவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகப் போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்த தன் பங்குப் பூண்டை எடுத்தாள். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஊர் முழுக்கக் கொடுத்திருக்கேனே" என்றாள் கடைசியில். "பக்கத்து வீட்டு மரியோவரா தன் பிள்ளைக்குக் கழுத்துல கட்டியிருக்கா. என் கையில ஏதோ கறை பட்டுப்போச்சு. சாமிக்கு என்னைப் பிடிக்கலை. இனிமே அந்தத் தொட்டியைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை."

"ஃப்ரசினா..." என்றார் காவ்ரில்.

"சும்மா இருங்க. உங்க கால் ஆறாததுக்கும் நான்தான் காரணமோ என்னமோ."

அவள் அழுகிற ஜாதி இல்லை. வறண்ட கண்ணோடு, தணிந்த குரலில், தீர்ப்பு வாசிக்கிறதுபோல் சொன்னாள். லூசியன் அம்மாவுக்குப் பின்னால் நின்று மனைவிக்குக் கண்ணைக் காட்டினான், பேசாதே என்று. ஸ்மரண்டாவும் பேசக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் மாமியார் அந்தப் பூண்டை அடுப்புச் சாம்பலில் போடக் குனிந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"அத்தை, நில்லுங்க. உங்க கையில ஒண்ணும் இல்லை. அந்தப் பூண்டு வெந்துபோச்சு."

"என்னது?"

"வெந்துபோச்சு. எங்கேயோ சூட்டுல கிடந்திருக்கு. வெந்த பூண்டு எந்தக் கிருமியையும் கொல்லாது, சாமியே வந்து காவல் காத்திருந்தாலும் கொல்லாது. கடைப் பூண்டையும் நானே சூடு பண்ணிப் பார்த்தேன், அதுவும் இதே மாதிரிதான் ஆச்சு. பச்சையா இருந்தா உங்க பூண்டு நிச்சயம் கொல்லும். நான் முதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லலை. பந்தயத்துல ஜெயிக்கணும்னு மறைச்சுட்டேன். இந்தப் பந்தயம் செல்லாது அத்தை."

லூசியன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஃப்ரசினா நிமிர்ந்து, கையிலிருந்த பூண்டையும் அடுப்பின் வாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு வந்ததே ஒரு சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடுப்பு! இந்தப் பாழாப்போன அடுப்பு! நடு ராத்திரியில அந்தக் களவாணிப் பசங்க ஜன்னலை உடைக்கிற மாதிரி தட்டினாங்க. எல்லாரும் வாசலுக்கு ஓடினாங்க, எனக்குப் பதறிப்போச்சு. தொட்டியில இருந்ததை அப்படியே மடியில வாரி அடுப்புக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டேன். தொட்டியில வெங்காயத்தைக் கொட்டி மேல துணியைப் போட்டுட்டேன். நெருப்பு அணைஞ்சுதான் இருந்தது, சாயங்காலம் அப்பம் சுட்ட சூடு மட்டும் கொஞ்சம் இருந்தது. அது என்ன பண்ணிடும்னு நினைச்சேன்! விடியறதுக்கு முன்னாடி யாருக்கும் தெரியாம எடுத்துத் தொட்டியில திருப்பிப் போட்டுட்டேன்!"

"அப்போ விடியிற வரைக்கும் பொம்பளைங்க சுத்திச் சுத்தி ஆடினது வெங்காயத்தையா?" என்றார் காவ்ரில்.

"வெங்காயத்தைத்தான்! நீங்க அதுக்கு முத்தம்கூடக் கொடுத்தீங்க!"

நால்வரும் சிரித்தார்கள். லூசியன்கூடச் சிரித்தான், அவன் சிரிப்பில்தான் சுரத்து இல்லை. சிரித்து ஓய்ந்ததும் காவ்ரில் சந்தடி சாக்கில் தன் காரியத்தில் கண்ணாக இருந்தார்.

"ஆகக்கூடி பந்தயம் செல்லாது. மருமகளே சொல்லிட்டா. ஃப்ரசினா, பரண்ல பச்சைப் பூண்டு தொங்குதே, அதை எடு. எரிஞ்சாலும் பரவாயில்லை, நான் பல்லைக் கடிச்சுக்கிறேன்."

"மாமா, தட்டுல கொல்லும், கால்ல அப்படி இல்லை" என்றாள் ஸ்மரண்டா. "தட்டுக்குத் தோல் கிடையாது, ரத்தம் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. பூண்டு நல்லதுதான். சாப்பாட்டுல எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கோங்க. ஆனா இந்தப் புண்ணு மேல்தோலைத் தாண்டி உள்ள போயிட்டிருக்கு, காய்ச்சல் வந்தாச்சு. என்கிட்ட இதுக்குத் தட்டு எதுவும் இல்லை, நிரூபிக்கவும் முடியாது. நான் பயப்படறேன், அவ்வளவுதான்."

"பயந்தா எப்படி? நான் பயப்படலையே" என்றார் காவ்ரில். பயத்தில் அவர் கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்தது.

ஃப்ரசினா எழுந்தாள். பரணைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டை எடுத்துக் கணவர் மடியில் போட்டாள்.

"எழுந்திருங்க."

"எங்கே?"

"எங்கேன்னு உங்களுக்கே தெரியும்."

"பந்தயம்தான் செல்லாதுன்னு ஆச்சே!"

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் ஃப்ரசினா. "இவ ஜெயிச்சுட்டா. வாயை மூடிட்டு நின்னிருந்தா இந்நேரம் உங்களை நானே வண்டியில ஏத்தியிருப்பேன். அவளுக்கு வேண்டியது அதுதானே? அதைக் கைவிட்டுட்டு, நான் மனசு ஒடிஞ்சு நிக்கிறதைப் பார்க்க முடியாம, என் பூண்டு நல்ல பூண்டுன்னு சொல்றா. கையில இருக்கிற வெற்றியைத் தூக்கிப் போட்டு உண்மையைச் சொல்ற பொண்ணு, உங்க கால் மோசமா இருக்குன்னு சொன்னா, மோசமாத்தான் இருக்கும். இதுக்கு எனக்குத் தட்டு வேண்டாம். கோட்டைப் போடுங்க."

காவ்ரில் மகனைப் பார்த்தார். மகன் ஏற்கனவே கார் சாவியோடு வாசலில் நின்றான். ஒற்றைக் காலில் நிற்க முடியாத மனிதர் அதற்கு மேல் எதில் பிடிவாதம் பிடிப்பார்? முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார். ஃப்ரசினா கோட்டின் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். அந்தக் காலுக்குப் பூட்ஸ் ஏறாது என்பதால் தன் கம்பளிச் சால்வையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். நல்ல சால்வை, அவள் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போடுவது.

நகரத்து ஆஸ்பத்திரிக்கு வழி நீளம். பின் இருக்கையில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து காவ்ரில் ஒரு பக்கம் மனைவியின் கையையும் மறு பக்கம் மருமகளின் கையையும் பிடித்துக்கொண்டு வந்தார். காருக்குள் பூண்டு வாடை அடித்திருக்க வேண்டும். லூசியன் அந்தக் குளிரிலும் ஜன்னலை இறக்கிவிட்டிருந்தான். ஸ்மரண்டாவுக்குச் சளி மூக்கடைப்பு, ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக அவள் அந்தக் காரில் உட்கார்ந்ததில்லை.

புண்ணைப் பிரித்துப் பார்த்த டாக்டர் ஒரு இளம் பெண். எலும்புக்குப் போகவில்லை, நல்ல வேளை வந்தீர்கள், சில நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றாள். அதைக் கேட்டதும் காவ்ரில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நடந்து திரும்பிப் போயிடுவேனா?" என்று கேட்டார்.

"நடந்துதான் போவீங்க" என்று டாக்டர் சிரித்தாள்.

சிகிச்சை அறைக்குள் ஒருவர் மட்டும் கூட வரலாம் என்று செவிலி சொன்னாள். ஃப்ரசினா அறை வாசல் வரை போனாள், அங்கே நின்றுவிட்டாள். திரும்பி வந்து ஸ்மரண்டாவின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள்.

"நீ போ. அவங்க சொல்றது எனக்குப் புரியாது. நல்லதோ கெட்டதோ, எல்லாத்தையும் கேட்டுட்டு வந்து அப்படியே என்கிட்ட சொல்லு. நீ சொன்னா நான் நம்பிக்கிறேன்."

ஸ்மரண்டா தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.